கணினி கிராமத்துக்கு வந்த கதை – 19: முழு யந்திரமா, எளிய பலகையா?

2025-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 14-ஆம் தேதியன்று தமிழகச் சட்டமன்றத்தில் வரவு செலவுத் திட்டத்தை வாசித்த நிதியமைச்சர் தங்கம் தென்னரசு, அடுத்த இரண்டாண்டுகளில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு, அவரவர் விருப்பத்தை அனுசரித்து, கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்று அறிவித்து, அதற்கென 2,000 கோடி ரூபாயும் ஒதுக்கினார். அமைச்சரின் பூர்வீகம் மல்லாங்கிணர்; சட்டமன்றத்தில் அவர் பிரதிநிதியாக அமர்ந்திருந்தது திருச்சுழித் தொகுதிக்கு. நீண்டதோர் உரையில் ஒரு வாக்கியமாக வந்து போன அந்த அறிவிப்பைப் பத்திரிகைகள் பெரும்பாலும் தொகையை வைத்தே விவாதித்தன. எனக்கோ அதற்குள் அடங்கியிருந்த தேர்வுதான் பெரிதாகப் பட்டது. விரலால் தொட்டு இயக்கும் எளிய பலகை போதுமா, எதையும் எழுதவும் இயற்றவும் மாற்றவும் இடம் கொடுக்கும் முழு யந்திரம் வேண்டுமா என்று உலகத்துப் பெரிய ஸ்தாபனங்கள் அரை நூற்றாண்டுக் காலமாகத் தர்க்கித்து வந்த ஒரு விஷயம், திருச்சுழிப் பக்கத்து மாணவி ஒருத்தி தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயமாக அன்றைக்கு வந்து நின்றது.

அந்தத் திண்ணை இருக்கும் பூமியைச் சற்றே பார்த்துவிட்டு மேலே செல்வோம். அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே திருச்சுழி வழியாக நரிக்குடிக்குப் போகும் பாதையெல்லாம் வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினால் நெல். பெருகாவிட்டால் மானாவாரியாகப் பருத்தி, மிளகாய், மல்லி, கம்பு, சோளம். அதுவும் பொய்த்தால் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுவது. ரமண மகரிஷி 1879-இல் பிறந்த திருச்சுழியைத் தழுவிக்கொண்டு ஓடும் குண்டாறு, ஆண்டின் பெரும்பகுதியில் மணலாகவே ஓடுகிறது. அருப்புக்கோட்டைக்குள் வந்தால் தறிச் சத்தம் கேட்கும். வெளியே சென்றால் வெளியூர் வேலைக்குப் போனவர்களின் பூட்டிய வீடுகள் தென்படும். 2018-இல் மத்திய சர்க்கார் வளர்ச்சியில் பின்தங்கியவை என்று தனிக் கவனத்துக்காகத் தேர்ந்தெடுத்த மாவட்டங்களின் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை இரண்டே. ஒன்று ராமநாதபுரம், மற்றொன்று இந்த விருதுநகர்.

இப்படிப்பட்ட பூமியில் ஒரு குடும்பத்துக்குள் கணினி என்ற பெயரில் ஏதாவது நுழையுமானால் ஒன்றுதான் நுழையும். மேஜைக்கு ஒன்று, மடிக்கு ஒன்று, பிரயாணத்துக்கு ஒன்று என்று வகைக்கொன்றாக வாங்கி வைக்கும் வசதி இங்கே கிடையாது. இந்த அத்தியாயம் முழுவதிலும் நான் சொல்லப்போகும் சரித்திரத்தை இந்த ஒரு சங்கதியை மனத்தில் இருத்திக்கொண்டு படிக்குமாறு வாசகர்களை வேண்டுகிறேன். ஏனெனில் எளிய பலகைக்காக உலகில் சொல்லப்பட்டிருக்கும் நியாயங்களில் பெரும்பாலானவை, பக்கத்து அறையில் முழு யந்திரம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது என்ற அனுமானத்தின் மேல் கட்டப்பட்டவை.

பலகைக் கணினி என்ற கற்பனையின் மூல புருஷர் ஆலன் கே என்ற அமெரிக்க விஞ்ஞானி. குழந்தைகளுக்குக் கணிதத்தைக் கணினி மூலம் போதித்துக்கொண்டிருந்த சேமோர் பாப்பர்ட்டின் பணியை 1968-இல் நேரில் கண்டு உள்ளம் பறிகொடுத்த அவர், புத்தகத்தின் பருமனும் எடையும் கொண்ட ஒரு கணினி ஒவ்வொரு குழந்தையின் கையிலும் இருக்க வேண்டும் என்று கருதி, அதற்கு டைனாபுக் என்று நாமகரணம் செய்து, 1972-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் கட்டுரையில் இரண்டு குழந்தைகள் வருகிறார்கள். புல்தரையில் படுத்துக்கொண்டு, விண்கலங்கள் ஒன்றையொன்று சுடும் ஆட்டமொன்றைத் தங்கள் டைனாபுக்குகளில் ஆடுகிறார்கள். ஆடிக்கொண்டிருக்கையிலேயே, இந்த ஆட்டத்தில் சூரியனும் அதன் ஈர்ப்பும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்ற யோசனை அவர்களுக்குப் பிறக்கிறது. அதைச் சேர்க்கப் புகுந்தபோது ஈர்ப்பு விசை எவ்வாறு செயற்படுகிறது என்பது தங்களுக்குத் தெரியவில்லை என்று கண்டு, அதைத் தேடிக் கற்கிறார்கள். ஆட்டத்தை ஆடவும் அதைத் திறந்து மாற்றவும் ஒரே பலகை அவர்களுக்கு உதவுகிறது. கே கண்ட கனவின் உயிர்நிலை இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம். மற்றவையெல்லாம் எடையையும் திரையையும் பற்றிய விவரங்கள்.

அந்தக் கனவு கடைவீதிக்கு வருவதற்கு முப்பது ஆண்டுகள் ஆயின. 2001-இல் மைக்ரோசாஃப்ட் அதிபர் பில் கேட்ஸ், இன்னும் ஐந்தே ஆண்டுகளில் அமெரிக்காவில் மிகுதியாக விற்கும் கணினி வகை இதுவாகவே இருக்கும் என்று ஆரூடம் கூறி, மறு ஆண்டு நவம்பரில் டேப்லெட் பிசி என்ற பெயரில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். முழு விண்டோஸும் அதற்குள் இருந்தது. எலியின் முனைக்கென்று அளவெடுத்துச் செய்த சின்னஞ்சிறு பொத்தான்களைப் பேனாவால் குத்த வேண்டியிருந்தது. விலையோ அதிகம், கனமும் அதிகம். ஆரூடம் பலிக்கவில்லை.

முழுமையிலிருந்து புறப்பட்டவர் தோற்ற இடத்தில், எளிமையிலிருந்து புறப்பட்டவர் வென்றார். 2010 ஜனவரி 27-ஆம் தேதி ஸ்டீவ் ஜாப்ஸ் அறிமுகப்படுத்திய ஐபேடில் கோப்புகளை அடுக்கிப் பார்க்கும் வசதி இல்லை. எலி இணைக்க வழியில்லை. இரண்டு காரியங்களை அருகருகே வைத்துச் செய்ய இடமில்லை. ஆப்பிள் கடையின் அனுமதியின்றி எந்தச் செயலியும் உள்ளே நுழைய முடியாது. ஆயினும் எண்பது வயது மூதாட்டியும் இரண்டு வயதுக் குழந்தையும் யாரும் கற்பிக்காமலே அதைத் தொட்டு இயக்கினார்கள். அந்த வெற்றி உண்மையான வெற்றி; அதைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. ஆனால் அதே ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நடந்த ஒரு சிறு சம்பவத்தையும் சரித்திரம் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். குழந்தைகள் நிரல் எழுதிப் பழகுவதற்காக மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான ஸ்கிராட்ச் என்ற மொழியில் எழுதிய ஆட்டங்களை இயக்கிக் காட்டும் செயலியொன்றை ஆப்பிள் தன் கடையிலிருந்து நீக்கியது. வெளியிலிருந்து வரும் நிரல்களை அந்தக் கருவிகளுக்குள் இயக்கலாகாது என்று அப்போது விதி இருந்தது. தம் கனவைப் போலவே தோற்றமளித்த ஒரு பலகையில், அந்தக் கனவின் குழந்தைகள் செய்த காரியத்துக்குத் தடை இருப்பதைக் கண்டு ஆலன் கே பகிரங்கமாகவே வருந்தினார். பிற்காலத்தில் அவ்விதி தளர்ந்தது. 2016-இல் ஆப்பிளே ஐபேடில் நிரல் பழகும் செயலியை வெளியிட்டது.

அந்த 2010 ஜூனில் ஒரு மேடையில் ஜாப்ஸ் சொன்ன உபமானம் பிரசித்தமானது. அமெரிக்கா விவசாய நாடாக இருந்த காலத்தில் வாகனங்களெல்லாம் லாரிகளாக இருந்தன. ஜனங்கள் நகரங்களுக்குக் குடியேறிய பிறகு கார்கள் பெருகின. முழுக் கணினிகளும் அந்த லாரிகளைப் போல இருக்கும், ஆனால் தேவைப்படுவோர் குறைந்துபோவார்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். நகரத்தாருக்கு இது சரியாகவே இருக்கலாம். எங்கள் பக்கத்துச் சம்சாரிக்கு வாய்த்த வண்டி ஒன்றே ஒன்று. கோடையில் காட்டுக்குக் குப்பை அடித்ததும் அதுதான். பருத்தி மூட்டையை அருப்புக்கோட்டைக்கு ஏற்றிவந்ததும் அதுதான். மாசி மாதத்தில் கூண்டு கட்டிக் குடும்பத்தோடு குலதெய்வம் கும்பிடப் போனதும் அதுதான். பிரயாணத்துக்கு மட்டும் லாயக்கான ஒரு வண்டியை அவர் வீட்டில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, பாரம் ஏற்றுவதற்கு வேறொன்று பார்த்துக்கொள் என்று சொல்வது எந்த விதத்தில் உபகாரமாகும்?

ஐபேடுக்கு ஒன்பதாண்டுகள் முன்னதாகவே இந்தியாவில் இதே கேள்விக்கு ஒரு பதில் தேடப்பட்டது என்பது இன்று பலருக்கும் மறந்துவிட்டது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வினய் ஆகியோரும், என்கோர் நிறுவனத்தைச் சேர்ந்த சிலரும் ஓர் அறக்கட்டளை அமைத்து, 2001 ஏப்ரலில் சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கருவியை வெளியிட்டார்கள். லினக்ஸில் இயங்கியது, எழுத்தறியாதவருக்காக இந்திய மொழிகளில் வாசித்தும் காட்டியது. அதில் என்னைப் பெரிதும் கவர்ந்த ஏற்பாடு அதன் அட்டைத் துளை. தனியொருவரால் ஒன்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்க முடியாது என்பதை உணர்ந்த அவர்கள், ஊருக்கு ஒரு கருவி இருந்தால் போதும், ஒவ்வொருவரும் தம்முடைய சிறு அட்டையைச் செருகியவுடன் அது அவருடைய கருவியாக மாறிவிடும் என்று வகுத்தார்கள். ஏழை நாட்டின் நிலைமையை அறிந்து, அதைக் குறையாகக் கருதாமல், அதிலிருந்தே ஒரு சிருஷ்டியைத் தோற்றுவித்த மனங்கள் அவை. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் அதை அமிடா என்ற பெயரில் 2004-இல் தயாரித்து விற்றது. ஐம்பதாயிரம் விற்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் சில ஆயிரங்களே விற்றன. அதற்குள் கைப்பேசி மலிந்துவிட்டது. பேசுவதற்குப் பயன்படாத கருவியை வாங்க ஜனங்கள் முன்வரவில்லை.

அடுத்தது ஆகாஷ். 2011 அக்டோபர் 5-ஆம் தேதி புது டில்லியில் மத்திய அமைச்சர் கபில் சிபல் உயர்த்திக் காட்டிய அந்த ஏழங்குலப் பலகையை டேட்டாவிண்ட் என்ற நிறுவனம் செய்தது. சர்க்கார் கொடுத்த விலை 2,300 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. உலகமே திரும்பிப் பார்த்தது. மலிவு ஒன்றையே லட்சியமாகக் கொண்டதன் விளைவு அதன் ஒவ்வோர் அவயவத்திலும் தெரிந்தது. அழுத்தினால்தான் உணரும் திரை, 366 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 மெகாபைட் நினைவகம். அதில் இருந்த ஆண்ட்ராய்டு 2.2 பதிப்பில் தமிழைச் சரிவர எழுதிக் காட்டும் வசதி இல்லை. தமிழ்ப் பிள்ளைக்கு அதில் கிடைத்திருக்கக்கூடியது கட்டம் கட்டமான வெற்றுப் பெட்டிகளே. மறு ஆண்டு மும்பை ஐ.ஐ.டி. பொறுப்பேற்றுத் திருத்திய இரண்டாவது ஆகாஷ், 2012 நவம்பர் 11-ஆம் தேதி ஜனாதிபதி பிரணாப் முகர்ஜியால் வெளியிடப்பட்டது. வேகத்தை ஒரு கிகாஹெர்ட்ஸாகவும் நினைவகத்தை இரு மடங்காகவும் உயர்த்தியதோடு அந்தக் கழகத்தார் நிற்கவில்லை. சி, பைத்தான், சைலேப் ஆகியவற்றில் மாணவன் பலகையிலேயே நிரல் எழுதி இயக்கிப் பார்ப்பதற்கான செயலிகளையும் செய்து சேர்த்தார்கள். பார்ப்பதற்கான பலகையை இயற்றுவதற்கான யந்திரமாக உயர்த்த முனைந்த அந்த முயற்சிக்கு உரிய புகழ் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆகாஷ் என்றால் மலிவான தோல்வி என்று மட்டுமே நினைவில் நிற்கிறது.

ஆகாஷ் வந்த அதே காலத்தில், இந்தக் கரிசல் கிராமங்களின் வாசலுக்கே வந்த வேறொரு பலகையைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். 2011-இல் மத்திய சர்க்கார் தொடங்கிய சமூக பொருளாதார சாதிவாரிக் கணக்கெடுப்பு காகிதமின்றி நடத்தப்பட்டது. அதற்காக பாரத் எலெக்ட்ரானிக்ஸ் சுமார் 6.4 லட்சம் கைக்கணினிகளைத் தயாரித்தது. சிம்ப்யூட்டர் தயாரித்த அதே நிறுவனம். தமிழ்நாட்டில் 2012-இல் அந்தப் பணி நடந்தபோது, கணக்கெடுப்பாளர் ஒருவரும் பதிவு செய்பவர் ஒருவருமாகச் சேர்ந்து வீட்டுக்கு வீடு போனார்கள். குடும்பத்தாரின் பெயர்கள் முன்கூட்டியே அதற்குள் ஏற்றப்பட்டிருந்தன. சுவர் மண்ணா செங்கலா, கூரை ஓலையா ஓடா, அறைகள் எத்தனை, குளிர்பதனப் பெட்டி உண்டா, இருசக்கர வாகனம் உண்டா என்று கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் வரும். ஒன்றுக்குப் பதில் கொடுத்தால்தான் மற்றொன்றுக்குப் போகலாம். வேறெந்தக் காரியத்துக்கும் அந்தப் பலகை உதவாது.

அந்த எளிமையால் விளைந்த நன்மையை மறைக்கக் கூடாது. கணினியைத் தொட்டறியாதவர்கூட அதை இயக்க முடிந்தது. கேள்வியை விட்டுவிட்டுத் தாண்ட முடியவில்லை. படிவங்களை மூட்டை கட்டி அனுப்பி எங்கோ ஒருவர் மீண்டும் தட்டச்சு செய்து பிழை புகுத்தும் அவலம் ஒழிந்தது. எண்ணுவதற்கான கருவி எளிமையாக இருப்பதே முறை. ஆனால் நிலத்தைப் பற்றிய கேள்விக்கு வரும்போது பாருங்கள். மானாவாரி எத்தனை ஏக்கர், இருபோகப் பாசனம் எத்தனை ஏக்கர், பிற பாசனம் எத்தனை ஏக்கர் என்று மூன்று கட்டங்கள். எங்கள் பக்கத்துக் கண்மாய்க்குக் கீழிருக்கும் வயலோ, கண்மாய் பெருகிய ஆண்டில் நஞ்சை, பெருகாத அடுத்த ஆண்டில் தரிசு, அதற்கடுத்த ஆண்டில் ஒருவேளை மிளகாய்த் தோட்டம். அதை எந்தக் கட்டத்தில் போடுவது? காகிதப் படிவத்திலும் கட்டங்கள் உண்டுதான். ஆனால் காகிதத்துக்கு ஓரம் என்று ஒன்று இருந்தது. ‘கண்மாய் பெருகினால் மட்டும்’ என்று அந்த ஓரத்தில் ஒரு வரி எழுதி வைக்க மனசாட்சியுள்ள ஒரு கணக்கருக்கு இடமிருந்தது. பூட்டிய பலகையில் ஓரம் கிடையாது. அதைக் கையில் வைத்திருப்பவர் அதன் கேள்விகளுக்கு உட்பட்டவர். தம்முடைய கேள்வியை அதனிடம் வைக்க முடியாதவர். எண்ணுவதற்கு இது பாதகமில்லை என்றே வைத்துக்கொள்வோம்; படிப்புக்கு இது பெரும் பாதகம்.

மத்திய சர்க்கார் பலகைகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த அதே 2011-இல், தமிழக அரசு வேறு வழியில் சென்றது. செப்டம்பர் 15-ஆம் தேதி, அண்ணா பிறந்த நாளன்று, திருவள்ளூரை அடுத்த காக்களூரில் முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்த திட்டத்தின்படி, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு முழு மடிக்கணினியே கொடுக்கப்பட்டது. விண்டோஸும், சென்னையில் சி-டாக் என்ற மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தன. அத்திட்டம் நின்றுபோவதற்குள் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட யந்திரங்கள் வினியோகமாயின. சினிமா பார்க்கத்தான் பயன்பட்டது என்று நகரத்தில் ஏளனம் செய்தார்கள். சினிமாவும் பார்த்திருப்பார்கள். அதே யந்திரத்தில் கணக்கெழுதும் டாலி மென்பொருளைப் பழகியவர்களும், நிரல் எழுதக் கற்றுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போனவர்களும், அக்கா படித்து முடித்த யந்திரத்தைத் தம்பி வாங்கிக்கொண்டு படித்த குடும்பங்களும் இந்தச் சீமையிலேயே இருக்கிறார்கள். ஒரு யந்திரம் வீட்டில் மூவருக்குப் பயன்படுவதென்றால், மூவர் தேவைக்கும் அது இடம் கொடுக்க வேண்டுமல்லவா?

திட்டம் நின்ற பிறகு நேர்ந்ததைப் பிரத்தியட்சமாகக் காண விரும்புவோர் அருப்புக்கோட்டைப் பேருந்து நிலையத்தின் பக்கம் மாலை நேரத்தில் ஏதேனும் ஒரு ஜெராக்ஸ் கடை முன்னால் நின்று பார்க்கலாம். திருச்சுழிக்கும் பந்தல்குடிக்கும் பஸ் பிடிக்க வேண்டிய கல்லூரிப் பிள்ளைகள் அங்கே கைப்பேசியோடு வரிசையில் நிற்கும். செமினார் கட்டுரையைக் கைப்பேசியிலேயே பகுதி பகுதியாகத் தட்டச்சு செய்து வாட்ஸப்பில் கடைக்காரர் எண்ணுக்கு அனுப்பியிருக்கும். கடைக்காரர் அதைத் தம் கணினியில் ஒட்டிச் சேர்த்து, பக்க எண் போட்டு, ஓரம் விட்டு அச்செடுத்துக் கொடுப்பார். “அண்ணே, போட்டோவை அம்பது கேபிக்குள்ள சுருக்கணுமாம், கையெழுத்து இருபது கேபியாம்ணே” என்று தேர்வாணைய விண்ணப்பத்தோடு மற்றொரு பெண் நிற்கும். “இருமா, இவனுக்கு முடிச்சுட்டு வரேன்” என்பார். அந்தப் பெண்ணின் கையில் இருக்கும் கைப்பேசி, அவர் மேஜைமேல் இருக்கும் பழைய கணினியைவிடச் சக்தி வாய்ந்ததாகவும் இருக்கக்கூடும். ஆயினும் காரியம் அவரிடம்தான் முடிகிறது. பார்க்கும் கருவி பிள்ளையிடம் இருக்கிறது; செய்யும் கருவி கடையில் இருக்கிறது; இரண்டுக்கும் நடுவில் ஒரு கட்டணமும், தவறவிட்ட ஒரு பஸ்ஸும் இருக்கின்றன. கடைக்காரர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர் இல்லாவிட்டால் இந்தப் பக்கத்தில் அநேகர் விண்ணப்பமே போட்டிருக்க மாட்டார்கள்.

இதற்கிடையில் 2024-இல் தமிழக அரசு தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஏறக்குறைய எண்பதாயிரம் கைக்கணினிகளைக் கொடுத்தது. வருகைப் பதிவுக்கும், எண்ணும் எழுத்தும் திட்டத்தின் மதிப்பீட்டுக்கும், வகுப்பில் ஒரு காணொளியைத் தூக்கிக் காட்டுவதற்கும் அது தகுந்த கருவி. வகுப்புக்குள் நடமாடிக்கொண்டே பயன்படுத்த வேண்டிய ஆசிரியரின் கையில் பலகை இருப்பதுதான் சரி; அவரிடம் போய் மடிக்கணினியைத் திணிப்பதில் அர்த்தமில்லை. ஒருவருடைய காரியம் இன்னதென்று நிச்சயமாகிவிட்ட இடத்தில் எளிய கருவி சிறக்கிறது. தன் காரியம் இன்னதென்று இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டிய பதினெட்டு வயதுப் பிள்ளையின் சமாசாரம் வேறு.

இந்தப் பின்னணியோடு 2025-ஆம் ஆண்டு அறிவிப்புக்குத் திரும்பி வருவோம். 2,000 கோடியை 20 லட்சம் பேருக்கு வகுத்துப் பார்த்தால் தலைக்குப் பத்தாயிரம் ரூபாய். அந்த விலைக்கு என்ன மடிக்கணினி வரும் என்று எதிர்க்கட்சித் தலைவர் எடப்பாடி பழனிசாமி கேட்டார். கேள்வி நியாயமானது, ஏனெனில் பத்தாயிரம் ரூபாய் என்ற தொகை தானாகவே ஒரு பலகையைத்தான் சுட்டியது. ஒதுக்கிய 2,000 கோடி முதல் கட்டமாகப் பத்து லட்சம் பேருக்கு மட்டுமே, ஒருவருக்கு 20 ஆயிரம் ரூபாய் என்று நிதியமைச்சர் விளக்கமளித்தார். அதன் பிறகு மாநில அரசின் எல்காட் நிறுவனம் கேட்ட ஒப்பந்தப்புள்ளி மடிக்கணினிக்காகவே இருந்தது. 8 ஜிபி நினைவகம், 256 ஜிபி சேமிப்பு, விண்டோஸ் 11, அதோடு பாஸ் லினக்ஸ். 2026 ஜனவரியில் ‘உலகம் உங்கள் கையில்’ என்ற பெயரோடு முதலமைச்சர் ஸ்டாலின் அதன் வினியோகத்தைத் தொடங்கி வைத்தார். அறிவிப்பில் சமமாக நின்ற இரண்டில் ஒன்று, கொள்முதலுக்குள் முந்திக்கொண்டது. அந்த முடிவைக் கேள்விப்பட்டபோது எனக்கு மெய்யாகவே சந்தோஷம் உண்டாயிற்று.

உலக அரங்கிலும் அந்த எளிய பலகை எளியதாக நிலைக்கவில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். கோப்புகளைப் பார்க்கும் செயலி 2017-இல் ஐபேடுக்குள் வந்தது. எலிக்கும் தொடுபலகைக்கும் 2020-இல் இடம் கிடைத்தது. 2025-இல் வெளியான ஐபேட்ஓஎஸ் 26-இல் சாளரங்களை விருப்பம்போல் அளவு மாற்றி அடுக்கவும், மேலே பட்டி வைத்துக்கொள்ளவும் வசதி செய்தார்கள். மைக்ரோசாஃப்டும் 2012-இல் சர்ஃபேஸ் ஆர்டி என்ற அரைகுறைப் பலகையைச் செய்து, மறு ஆண்டே 90 கோடி டாலர் நஷ்டத்தைக் கணக்கில் எழுதிவிட்டு, முழு விண்டோஸ் இயங்கும் சர்ஃபேஸ் புரோவின் பக்கமே நின்றது. ஆனால் இப்படி முழுமை பெற்ற பலகைகளின் விலையும், அவற்றுக்கென்று தனியே வாங்க வேண்டிய விசைப்பலகையின் விலையும் சேர்ந்தால், நரிக்குடிப் பக்கத்துக் குடும்பத்துக்கு எட்டாது. மலிவாகக் கிடைக்கும் பலகைகள் இன்னும் பார்ப்பதற்கான பலகைகளாகவே இருக்கின்றன.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைக்கணினி கொடுக்கும் யோசனை இனிமேலும் வரும். விலையும் எடையும் அந்தப் பக்கமே இழுக்கும். வரும்போது, தமிழ்99 விசைப்பலகை ஒன்று கையால் தட்டக்கூடியதாகக் கூடவே வரட்டும். பிள்ளை எழுதிய கோப்பு எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்கே தெரியும்படி இருக்கட்டும். மும்பைக் கழகத்தார் ஆகாஷுக்குச் செய்ததைப் போல நிரல் எழுதும் கருவிகள் உள்ளேயே இருக்கட்டும். நூறு குழந்தைகளில் ஒரு குழந்தை அதைத் திறந்து மாற்ற விரும்பினால் கடவுச்சொல் கேட்டு அதைத் தடுக்காமல் இருக்கட்டும். இவற்றுக்காகும் செலவு, கொள்முதல் தொகையில் சிறு பங்குக்கு மேல் போகாது என்பது என் நம்பிக்கை.

மடிக்கணினிகளில் பதினைந்து ஆண்டுகளாக விண்டோஸுக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் குடியிருந்துவரும் பாஸ் லினக்ஸை எத்தனை பள்ளிகள் உபயோகித்தன, சென்னையில் அது எப்படிப் பிறந்தது, தமிழில் அதை யார் வளர்த்தார்கள் என்பவற்றை அடுத்த இதழில் காண்போம்.